தோன்றா எழுவாய்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எட்டு மாதம் குறிப்பு அட்டை எழுதும் வேலை பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அட்டை நிற்குமே, அதுதான். பொருளின் பெயர், எதனால் ஆனது, எந்தக் காலம், எங்கிருந்து, எப்படி வந்தது, கடைசியில் பதிவெண். எல்லாம் சேர்த்து 40 சொல்லைத் தாண்டக்கூடாது. நின்றுகொண்டு படிப்பவர்கள் அதற்கு மேல் படிக்கமாட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை.

ஒரு நாள் என் மேசைக்கு ஒரு ஜோடி செருப்பு வந்தது. குழந்தையின் தோல் செருப்பு. இரண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. இடது செருப்பின் குதிகால் பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு படை ஒரு கிராமத்தைக் கொளுத்தியபோது ஒரு சிப்பாய் அங்கிருந்து எடுத்துவந்த செருப்பு. பல வருடம் கழித்து அவருடைய பேரன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டே வரி, தெளிவான கையெழுத்து. அதை அப்படியே அட்டையில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, "இவ்வளவு வேண்டாம்ப்பா. நன்கொடையாகப் பெறப்பட்டதுன்னு போடு. பொய் இல்லையே?" என்றார். பொய் இல்லைதான். அப்படியே போட்டேன்.

பெறப்பட்டது. அந்தச் சொல் அப்புறம் என்னை விடவே இல்லை. பேச்சில் நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கதவு என்னால் திறக்கப்பட்டது" என்று யார் சொல்வார்கள்? தமிழில் வினைமுற்றின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார். "எடுத்தான்" என்ற ஒரே சொல் போதும்: ஒருவன், ஆண், வேலையை முடித்துவிட்டான். எழுவாயை எழுதாமல் விட்டாலும் அது உள்ளே இருக்கும். தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோமே, அது. செயப்பாட்டு வினையில்தான் அந்த ஆள் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறான். சேகரிக்கப்பட்டது, கண்டெடுக்கப்பட்டது, கொண்டுவரப்பட்டது, வழங்கப்பட்டது. அருங்காட்சியக அட்டைகளில் திரும்பிய பக்கமெல்லாம் இந்த வினைகள்தான்.

இன்ஸ்டலேஷன் என்று சொல்கிற நிறுவல் கலையில், அருங்காட்சியகத்தையே கேள்வி கேட்கும் ஒரு கிளை உண்டு. அந்த வேலையை விட்ட பிறகுதான் அதைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலான படைப்புகளை நான் நேரில் பார்த்ததில்லை. பல இன்று இல்லவும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டார்கள். புகைப்படங்கள், கண்காட்சி நூல்கள், கலைஞர்களின் பேட்டிகள் வழியாகத்தான் அவற்றைத் தெரியும். ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று உறுதியானது. இந்தக் கலைஞர்கள் ஒவ்வொருவரும் அந்த நழுவிப்போன எழுவாயைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஜெர்மன் கலைஞர் லோதர் பவும்கார்ட்டனின் படைப்பைப் பார்த்தபோது என் அட்டைகளையே யாரோ திரையில் காட்டியது போல இருந்தது. 1968-69இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தைப் படமெடுத்து, 80 ஸ்லைடுகளாக ஆக்கினார். அங்கே பொருள்களை நாடு வாரியாக அடுக்காமல் வகை வாரியாக அடுக்கியிருப்பார்கள். முகமூடியெல்லாம் ஒரு பக்கம், ஆயுதமெல்லாம் ஒரு பக்கம், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் சரி. நெருக்கியடித்த அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் படங்கள் மேல் ஒவ்வொரு சொல்லாக விழும்: வகைப்படுத்தப்பட்டவை, காட்சிக்கு வைக்கப்பட்டவை, பாதுகாக்கப்பட்டவை, மறக்கப்பட்டவை. எல்லாமே "பட்டவை". யார் வகைப்படுத்தினார், யார் மறந்தார் என்று அந்த ஸ்லைடுகள் சொல்வதில்லை. ஸ்லைடுகள் ஓட ஓட, அந்தச் சொல்லாத இடம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

பவும்கார்ட்டன் சுட்டிக்காட்டியதோடு நின்றார். அமெரிக்கக் கலைஞர் ஃபிரெட் வில்சன் உள்ளே போய்ப் பெட்டிகளைத் திறந்தார்.

1992இல் பால்டிமோர் நகரில், மேரிலேண்ட் வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகம் அவருக்குத் தன் கிடங்கைத் திறந்துவிட்டது. "மைனிங் த மியூசியம்" என்று அந்தக் கண்காட்சிக்குப் பெயர். அந்த ஆங்கிலச் சொல்லைச் சுரங்கம் தோண்டுவது என்றும் எடுத்துக்கொள்ளலாம், கண்ணிவெடி வைப்பது என்றும் எடுத்துக்கொள்ளலாம், எனக்குரியது என்றும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் அவர் செய்தார். அங்கே அவருடைய முக்கியமான வேலை செதுக்குவதோ வரைவதோ அல்ல. அருங்காட்சியகம் ஏற்கெனவே வைத்திருந்த பொருள்களை இடம் மாற்றி வைத்தார். அதுதான் என்னை ஆட்டிவைத்தது. பொருள் அதே பொருள், பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மாறுகிறார்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். பணக்கார வீட்டு மேசைக்கானவை. அவற்றுக்கு நடுவில், துருவேறிய கருப்பு இரும்பு: அடிமைகளின் காலில் பூட்டிய விலங்கு. தலைப்பு வழக்கமான அருங்காட்சியகத் தொனியிலேயே இருந்தது: "உலோக வேலைப்பாடு 1793–1880". வேறு விளக்கம் இல்லை, கண்டனம் இல்லை, குரல் உயர்த்தவில்லை. இரண்டும் உலோகம், இரண்டும் அதே காலம், இரண்டும் அதே மண்ணின் கைவேலை. ஒன்றை எப்போதும் விளக்கு வெளிச்சத்திலும் மற்றொன்றைக் கிடங்கிலும் வைத்துப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். அந்த வெள்ளியை வாங்கிய பணம் எந்தக் கால்களிலிருந்து வந்தது என்று ஒரு சொல்கூட எழுதாமல் சொல்லிவிட்டார். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இன்னொரு அறையில் விக்டோரியா காலத்து அழகான நாற்காலிகள், ஏதோ கச்சேரி கேட்க உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. அவை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மரக் கம்பத்தை. மனிதர்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த கம்பம். தலைப்பு: "மரத் தச்சு வேலை 1820–1960". நாற்காலிகளில் யாரும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் வந்து நிற்கும் பார்வையாளருக்கு, இதில் நான் எந்த நாற்காலி என்று தோன்றாமல் இருக்காது.

நுழைந்ததும் தென்படும் பீடங்கள் வேறு. வெள்ளைப் பீடங்கள் மூன்றின் மேல் நெப்போலியன், அமெரிக்க அரசியல்வாதிகள் ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவர்கூட மேரிலேண்டுக்காரர் கிடையாது. எதிரில் கருப்புப் பீடங்கள் மூன்று, ஹாரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானக்கர் என்ற பெயர்களோடு. மூவரும் அந்த மாநிலத்தில் பிறந்து பெயர்பெற்ற கருப்பினத்தவர்கள். பீடங்களின் மேல் ஒன்றும் இல்லை, ஏனென்றால் கிடங்கில் அவர்களுடைய சிலை இல்லை. இல்லாததைக்கூட ஒரு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் எழுவாய் என்று நான் சொல்கிறேனே, அது கண்ணெதிரே திரும்பி வந்தது ஓர் ஓவியத்தில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்த "நாட்டுப்புற வாழ்க்கை" என்ற படம். புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இளைப்பாறுகிறது. ஓர் ஓரத்தில் ஒரு கருப்பினச் சிறுவன் பழம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வில்சன் படத்தைத் தொடவில்லை. அட்டையில் தலைப்பை மாற்றினார்: "பழம் பரிமாறும் ஃபிரெடரிக்". உடனே படத்தின் மையம் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நடுவில் இருந்தவர்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள். வேறு சில பழைய ஓவியங்களில், இருட்டில் நிற்கும் கருப்பினக் குழந்தைகள் மீது மட்டும் விளக்கு விழும்படி செய்தார். ஒலிப்பதிவில் அந்தக் குழந்தைகளின் குரல் கேள்வி கேட்கும். மூன்றே சொல் கொண்ட ஒரு தலைப்பும் ஒரு விளக்கும் இத்தனை செய்ய முடியும் என்றால், நான் எழுதிய அட்டைகள் எவ்வளவு செய்திருக்கும், எந்தத் திசையில் செய்திருக்கும் என்று யோசித்துப் பயந்தேன்.

வில்சனுக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். மாணவராக இருந்தபோது அவர் அருங்காட்சியகக் காவலராக வேலை பார்த்தவர். 1991இல், தலையில்லாத நான்கு கருப்பின பொம்மைகளுக்கு நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களின் காவலர் சீருடையை மாட்டி வரிசையாக நிறுத்தினார். அதே வருடம் விட்னி அருங்காட்சியகத்தில் வழிகாட்டிகள் சிலரைச் சந்தித்துப் பேசிவிட்டு, இன்னோர் இடத்தில் சந்திக்கலாம் என்று சொல்லிப் போனார். அங்கே காவலர் சீருடையில் நின்றார். அவர்கள் அவரைத் தேடிக்கொண்டே அவரைக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் முன் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள்! தோன்றா எழுவாய்க்கு இதைவிட நேரான விளக்கத்தை எந்த இலக்கண ஆசிரியரும் தர முடியாது.

அருங்காட்சியகம் செய்தவரை மறைக்கிறது என்பது ஒரு பக்கம். மனிதரையே அஃறிணை ஆக்கிவிடுவது இன்னொரு பக்கம். நம் இலக்கணம் மனிதரையும் தெய்வத்தையும் உயர்திணையில் வைக்கிறது. ஆனால் சாரா பார்ட்மன் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணை ஐரோப்பாவில் உயிரோடு காட்சிப்பொருளாக்கினார்கள்; 1815இல் பாரிசில் இறந்த பிறகு அவருடைய எலும்புக்கூட்டையும் உடலின் வார்ப்பையும் 1970கள் வரை அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். 2002இல்தான் அவர் தாய்நாட்டு மண்ணுக்குத் திரும்பினார். இதை எழுதும்போது எந்த வினையைப் போட்டாலும் கை கூசுகிறது.

இதற்கு ஜேம்ஸ் லூனா தன் உடம்பாலேயே பதில் சொன்னார். கலிஃபோர்னியாவின் லூயிசெனோ பழங்குடியைச் சேர்ந்த கலைஞர் அவர். 1987இல் சான் டியேகோவில் மனிதவியல் அருங்காட்சியகம் ஒன்றில், பழங்குடியினர் பற்றிய பெட்டிகளுக்கு நடுவில், மணல் பரப்பிய ஒரு காட்சி மேடையில் இடுப்புத் துணியோடு படுத்துக்கொண்டார். அசையாமல். சுற்றிலும் அட்டைகள், அவருடைய உடம்பிலிருந்த தழும்புகளை விளக்கி: குடித்துவிட்டு விழுந்தது, சண்டையில் பட்டது. பக்கத்துப் பெட்டிகளில் அவருடைய பட்டச் சான்றிதழ், விவாகரத்துப் பத்திரம், இசைத்தட்டுகள், குடும்பப் படங்கள், சடங்குக்கான பொருள்கள். பார்க்க வந்தவர்கள் முதலில் அவரைப் பொம்மை என்றே நினைத்தார்கள். மார்பு ஏறி இறங்குவதைக் கவனித்ததும் திடுக்கிட்டார்கள். அப்படியும் சிலர் அவர் காதுபடவே, அவர் அங்கே இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பெட்டிக்குள் இருப்பது கேட்காது என்பது நமக்கு அவ்வளவு ஊறிப்போன பழக்கம்.

அந்த அட்டைகளின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும். அதே வறண்ட தொனி, அதே சுருக்கம். ஆனால் இங்கே எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே ஆள். தன் தழும்புக்குத் தானே அட்டை எழுதும்போது, வெட்கப்பட வேண்டியதையும் மறைக்காமல் எழுதினார். அருங்காட்சியகம் விரும்பும் தூய்மையான, காலத்தில் உறைந்த பழங்குடி மனிதன் அந்தப் பெட்டியில் இல்லை. பட்டம் படித்த, திருமணம் முறிந்த, பாட்டுக் கேட்கிற ஒருவர் இருந்தார்.

இதே வழியில் இன்னும் ஒரு படி போனவர்கள் கோகோ ஃபுஸ்கோவும் கில்லெர்மோ கோமெஸ்-பென்யாவும். கொலம்பஸ் வந்து 500 வருடம் ஆனதைக் கொண்டாடிய 1992இல், யாரும் கண்டுபிடிக்காத ஒரு தீவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள். தீவு கற்பனை. ஆனால் பார்த்தவர்களில் பலர் உண்மை என்றே நம்பினார்கள். புகழ்பெற்ற படைப்புதான், ஆனால் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. வில்சன் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றினார். இது பார்க்க வந்த சாதாரண மனிதரைச் சோதித்து, தோற்றுப்போனவராகக் காட்டிவிடுகிறது. அட்டையை நம்பச் சொல்லிக் கொடுத்ததே அருங்காட்சியகம்தானே.

அட்டையின் அதிகாரத்தை லேசாகத் தட்டிப் பார்த்த பெல்ஜியக் கலைஞர் மார்செல் புரூடேர்ஸையும் சொல்லிவிட வேண்டும். 1972இல் டுசல்டார்ஃப் நகரில் கழுகு உருவம் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களைத் தன் சொந்தக் கற்பனை அருங்காட்சியகத்தின் பெயரில் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று மொழிகளில் ஏதாவது ஒன்றில் ஒரே வாசகத்தை எழுதினார்: இது கலைப்படைப்பு அல்ல.

சமீப வருடங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கலைஞர் காலா போராஸ்-கிம். மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில், தரை உள்வாங்கி நீர் நிற்கும் ஒரு பெரிய இயற்கைக் கிணறு இருக்கிறது. பழைய மாயா மக்கள் மழைத் தெய்வமான சாக்கிற்கு அதில் காணிக்கை இட்டார்கள்: பொன், பச்சைக் கல், துணி, வாசனைப் பிசின், மனித உயிர்களும்கூட. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் அதைத் தூர்வாரி, கிடைத்தவற்றை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஒரு பகுதி பின்னால் மெக்சிகோ திரும்பியது. மீதி அங்கேயே, ஈரம் படாமல் கட்டிக்காக்கும் கிடங்கில்.

பொதுவாக இங்கே எழும் கேள்வி, இது எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது. போராஸ்-கிம் வேறொன்று கேட்டார். கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், வாங்கிக்கொண்டது மழை. அப்படியானால் உரிமையாளர் மழைதானே? அருங்காட்சியக இயக்குநருக்குக் கடிதம் எழுதி, இந்தப் பொருள்களுக்கும் மழைக்கும் மறுபடி ஓர் உறவு ஏற்படுத்த வழி பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அப்புறம் கிடங்கின் தூசியையும் கோபல் என்ற பிசினையும் கலந்து ஒரு கட்டியாகச் செய்து காட்சிக்கு வைத்தார். அதை வைக்கும் கலைக்கூடம், மழைநீர் அதன் மேல் விழ ஏற்பாடு செய்ய வேண்டும். நீர்தான் மரத்தையும் துணியையும் பல நூற்றாண்டு காத்தது. காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அவற்றைக் காயவைத்தது நாம்.

"மழை பெய்தது" என்ற வாக்கியத்தில் எழுவாய் மழை. ஐயமே இல்லாமல் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் என்ற கட்டத்தில் மழை என்று எழுதினால் எந்த அலுவலகமும் ஏற்காது. அந்தக் கட்டத்துக்குள் யார் யார் நுழைய முடியும் என்று தீர்மானித்து வைத்திருக்கிறோம் பாருங்கள், அதை அவர் ஒரு கடிதத்தால் தொட்டுவிட்டார். கடிதம் என்பதும் எனக்குப் பிடித்தது. முழக்கத்துக்குப் பதில் எழுதாமல் கடந்துபோகலாம். கடிதம் வந்தால் யாரோ ஒருவர், பெயர் போட்டு, பதில் எழுதியாக வேண்டும்.

மைக்கேல் ராக்கோவிட்ஸ் என்ற கலைஞர் தொலைந்த பொருளையே மீண்டும் கட்டுகிறார். 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகத்தில் கொள்ளைபோனவற்றை, அரபு செய்தித்தாள்களாலும் உணவுப் பொட்டலத் தாள்களாலும் ஒவ்வொன்றாகச் செய்துவருகிறார். ஈராக்கின் பழைய நகரமான நினிவேயில் கிமு 700 வாக்கிலிருந்து நின்று 2015இல் தகர்ந்துபோன சிறகுள்ள காளைச் சிலையை, பேரீச்சம் பாகு அடைத்திருந்த 10,500 காலி டப்பாக்களால் செய்து 2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார். அவை அசலைப் போலவே இருப்பதாக ஏமாற்றுவதில்லை. டப்பாவின் எழுத்தும் நிறமும் தெரியும்படி விட்டிருக்கிறார். பேய் திரும்பி வந்தால் பேயாகத்தானே தெரிய வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு ஒரு நண்பர் என்னிடம் சொன்னார்: "அருங்காட்சியகமே கூப்பிட்டு, அருங்காட்சியகமே பணம் கொடுத்து, தன்னையே திட்டச் சொல்கிறது. பிறகு அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. என்ன மாறியது?" நியாயமான கேள்வி. வில்சனின் அந்தக் காவலர் பொம்மைகள் இன்று விட்னியின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் அட்டை உண்டு, பதிவெண் உண்டு. பால்டிமோரிலும் கண்காட்சி முடிந்த பிறகு வெள்ளியும் விலங்கும் பிரிந்துதான் போயிருக்க வேண்டும்.

ஆனால் நான் வேறொன்றையும் பார்க்கிறேன். அமெரிக்காவில் பழங்குடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தரக் கோரும் சட்டம் 1990இல் வந்தது. 2024 ஜனவரியில் அதன் விதிகள் இறுகின: அந்தந்தச் சமூகத்தின் சம்மதம் இல்லாமல் காட்சிக்கு வைக்கக்கூடாது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களைப் பூட்டியது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் பல கண்ணாடிப் பெட்டிகளை மூடி மறைத்தது. ஃபுஸ்கோவும் கோமெஸ்-பென்யாவும் உட்கார்ந்த அந்தக் கூண்டு ஒரு காலத்தில் வந்து நின்ற அதே ஃபீல்ட். மூடிய பெட்டிகளின் படத்தைப் பார்த்தபோது, இதை ஒரு கலைஞர் செய்திருந்தால் எவ்வளவு பேசியிருப்போம் என்று நினைத்தேன். சட்டத்துக்காகப் போராடியவர்கள் அந்தச் சமூகங்கள்; பெருமை அவர்களுடையது. ஆனால் மூடிய பெட்டியைப் பார்த்து, இங்கே யாரோ "கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள் எனப் புரிந்துகொள்ளும் கண், வெற்றுப் பீடங்களைப் பார்த்துப் பழகிய கண்தான்.

போன மாதம் அந்தச் செருப்பின் அட்டையை வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதிப் பார்த்தேன். பதிவேட்டு வரிகள் நினைவிலேயே இருக்கின்றன. செயப்பாட்டு வினை ஒன்றுகூட வராமல் எழுத வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

"செருப்பு, ஒரு ஜோடி. தோல். இவற்றை ஒரு குழந்தை அணிந்து நடந்தது. இடது காலை அழுத்தி வைத்திருக்கிறது. படை ஊரைக் கொளுத்தியது. ஒரு சிப்பாய் இவற்றை எடுத்துக்கொண்டான். அவனுடைய பேரன் எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் வைத்திருக்கிறோம். குழந்தையின் பெயர்:"

எண்ணிப் பார்த்தேன், 40 சொல்லுக்குள்தான் இருக்கிறது. கடைசி வரிக்குப் பதிவேட்டில் எதுவும் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு அட்டையை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.